ஜோடி நடனம் கற்க ஆசையா? முதலில் எந்தப் பாட்டு பிடிக்கும் என்று சொல்லுங்கள்

“எது ரொம்ப சுலபம்?” ஜோடி நடனம் கற்கலாம் என்று நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான். பதில் வேண்டுமானால், மெரெங்கே. கால்களை மாற்றி மாற்றி வைக்கத் தெரிந்தால் பத்து நிமிடத்தில் ஆடிவிடலாம். ஆனால் சுலபம் என்பதற்காக ஒரு நடனத்தைப் பிடித்தால் மூன்றாவது மாதம் வகுப்புக்கு மட்டம் போடக் காரணம் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். எந்த இசையை நூறு மணி நேரம் கேட்டாலும் சலிக்காது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஏனென்றால் அவ்வளவு நேரம் கேட்கத்தான் போகிறீர்கள், அதுவும் ஒரே மாதிரிப் பாட்டுகளை, திரும்பத் திரும்ப.

நான் டாங்கோவில் ஆரம்பித்தேன். ஒரு வீடியோ பார்த்து மயங்கியதுதான் காரணம், இசை அல்ல. நான்கு மாதம் ஒழுங்காகப் போனேன், அடிகள் எல்லாம் தெரியும், ஆனால் டாங்கோ இசையில் வரும் பாண்டோனியன் என்ற அக்கார்டியன் போன்ற வாத்தியம் ஒலிக்க ஆரம்பித்ததுமே எனக்குக் கொட்டாவி வரும். ஒருநாள் பக்கத்து அறையில் ஸ்விங் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சுவரைத் தாண்டி வந்த டிரம்பெட் சத்தத்துக்கு என் கால் தானாகத் தாளம் போட, என்னோடு ஆடிக்கொண்டிருந்தவர் சிரித்துக்கொண்டே, “நீங்கள் அந்த அறைக்குப் போக வேண்டிய ஆள்” என்றார். போனேன். டாங்கோ மேல் குறை ஒன்றும் இல்லை, மூன்று வருடம் கழித்துத் திரும்பிப் போனபோது அதே இசை வேறு மாதிரிக் கேட்டது. ஆனால் அந்த நான்கு மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

எனவே வகுப்பில் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் சும்மா பாட்டுக் கேளுங்கள். சல்சா, பச்சாட்டா, ஸ்விங், டாங்கோ, வால்ட்ஸ் என்று ஒவ்வொன்றிலும் பத்துப் பாட்டு. எதற்கு நடையின் வேகம் மாறுகிறது, எதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்க்க முடிகிறது என்று கவனியுங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

எடை எந்தக் காலில்?

எந்த நடனத்தை எடுத்தாலும் அடியில் கிடக்கும் சங்கதி ஒன்றுதான்: உங்கள் எடை இப்போது எந்தக் காலில் இருக்கிறது, உங்கள் ஜோடியின் எடை எந்தக் காலில் இருக்கிறது. எடை தாங்கும் கால் நகராது, சும்மா இருக்கும் கால்தான் நகரும். ஆரம்ப நாட்களில் மிதிபடும் விரல்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கு தப்பியதால் மிதிபடுபவைதான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நிற்கிறோமே, இரண்டு காலிலும் பாதிப் பாதி எடை போட்டுக்கொண்டு, அப்படி நின்றால் அடுத்து எந்தக் கால் வரும் என்று உங்கள் ஜோடிக்கும் தெரியாது, உண்மையைச் சொன்னால் உங்களுக்கும் தெரியாது.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. பாட்டுகூட வேண்டாம். யாரையாவது எதிரில் நிற்கவைத்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள், முழங்கைகள் லேசாக மடங்கி விலாவுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போது உங்கள் எடையை மெதுவாக, முழுசாக, இடது காலுக்கு மாற்றுங்கள். வலது காலை அப்படியே தூக்கிவிடலாம் என்கிற அளவுக்கு. ஒரு வார்த்தையும் சொல்லாமலே அவர் தன் வலது காலுக்குப் போயிருப்பார். திரும்ப வலது பக்கம். இப்படி நான்கைந்து முறை. அப்புறம் ஒருமுறை பாதி தூரம் மட்டும் போய் நின்றுவிடுங்கள். அவரும் பாதியில் நின்றால் நீங்கள் லீட் செய்துவிட்டீர்கள், அதாவது வழிநடத்திவிட்டீர்கள், அவர் ஃபாலோ செய்துவிட்டார், அதாவது பின்தொடர்ந்துவிட்டார். நீங்கள் தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. உங்கள் உடம்பு போனது, கை அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவ்வளவுதான்.

நான் முதல் இரண்டு வருடம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். உடம்பு ஒரு பக்கம் நிற்க, கை மட்டும் ஜோடியைச் சுற்றும். ஒரு வயதான அம்மா, என்னைவிடப் பல வருடம் ஆடியவர், பாட்டு முடிந்ததும் என் மணிக்கட்டைத் தட்டிக்கொடுத்து, “தம்பி, என் கையை நகர்த்தாதே, நீ நகரு, நான் வந்துவிடுகிறேன்” என்றார். எத்தனையோ வகுப்பில் கேட்டதுதான், அன்றைக்குத்தான் ஏறியது.

கை எப்படி இருக்க வேண்டும்? துவண்டு கிடந்தால் செய்தி போய்ச் சேராது. கட்டைபோல விறைத்திருந்தால் செய்தியோடு சேர்ந்து அடியும் போய்ச் சேரும். இரண்டுக்கும் நடுவில், ஒருவர் அரை அங்குலம் நகர்ந்தால் மற்றவருக்குத் தெரிகிற அளவு உயிரோடு இருக்க வேண்டும், இதைத்தான் ஃபிரேம் என்கிறார்கள். கையைப் பிடிக்கும்போது விரல்களைக் கொக்கிபோல லேசாகக் கோத்துக்கொள்ளுங்கள், கட்டைவிரலால் அழுத்திப் பூட்டாதீர்கள். பூட்டிய கையோடு ஒருவரைச் சுற்றவிட்டால் அவர் மணிக்கட்டு திருகிக்கொள்ளும், தோளும் போகலாம்.

லீடர், ஃபாலோயர் என்கிற பாத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வழக்கில் ஆண் லீட், பெண் ஃபாலோ. இன்றைக்கு நிறைய வகுப்புகளில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். முதல் ஆறு மாதம் லீடருக்குத்தான் கஷ்டம், ஏனென்றால் அடி, தாளம், அடுத்த அசைவு, பின்னால் யார் வருகிறார்கள் என்று நான்கையும் ஒரே தலையில் வைத்திருக்க வேண்டும். ஃபாலோயருக்குக் கஷ்டம் அப்புறம் வரும்: இரண்டு மாதத்தில் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க ஆரம்பித்துவிடுவார், அந்த ஊகிக்கும் பழக்கத்தை விட ஒரு வருடம் ஆகும். ஃபாலோயர் பொம்மலாட்டப் பொம்மை இல்லை, வந்த செய்தியை எந்த அழகில் முடிப்பது என்பது அவர் கையில்தான். முடிந்தால் இரண்டையும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தபின் யாரையும் அவ்வளவு எளிதாகத் திட்டத் தோன்றாது.

தளத்தைச் சுற்றி வருகிற நடனங்கள்

வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப், பால்ரூம் டாங்கோ இவையெல்லாம் ஓரிடத்தில் நிற்காதவை. தளத்தில் இருக்கும் எல்லா ஜோடிகளும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வருவார்கள். இந்த ஒரு விதி தெரியாமல் போய்த்தான் புதியவர்கள் நடுரோட்டில் எதிர்த்திசையில் வண்டி ஓட்டுபவர்போல எல்லோரையும் மிரளவைப்பார்கள். ஒரே இடத்தில் நின்று ஏதாவது பழக வேண்டுமானால் நடுவுக்குப் போய்விடுங்கள், ஓரத்தைப் போகிறவர்களுக்கு விடுங்கள்.

இந்தக் கூட்டத்தில் ஆரம்பிக்க வேண்டியது மெதுவான வால்ட்ஸ்தான். மூன்று மூன்றாக வரும் தாளம், நமக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னால் தகிட, தகிட. நிமிடத்துக்கு 84 முதல் 90 பீட், யோசிக்க நேரம் இருக்கிறது. தரையில் ஒரு பெட்டி வரைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். லீடர் இடது காலை முன்னால் வைக்கிறார், வலது காலைப் பக்கவாட்டில் வைக்கிறார், இடது காலை அதனோடு சேர்க்கிறார். எடை இப்போது இடது காலில். அடுத்து வலது கால் பின்னால், இடது கால் பக்கவாட்டில், வலது கால் சேரும். பெட்டி முடிந்தது. ஃபாலோயர் இதையே கண்ணாடியில் பார்ப்பதுபோல், வலது காலைப் பின்னால் வைத்து ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பக்காரர்கள் எல்லோரும் சறுக்குவது மூன்றாவது எண்ணிக்கையில். காலைச் சேர்க்கிறார்கள், ஆனால் எடையை மாற்றுவதில்லை. அப்புறம் அடுத்த ‘ஒன்று’ வரும்போது எந்தக் காலை எடுப்பது என்று தெரியாமல் ஒரு சின்னக் குதி குதிப்பார்கள். பார்த்தாலே தெரியும்.

பெட்டி வந்தபின் ஏற்ற இறக்கம் சேர்க்கலாம்: ஒன்றில் முழங்கால் லேசாக மடங்கித் தாழ்ந்து போய், இரண்டிலும் மூன்றிலும் மேலெழுந்து, மூன்றின் கடைசியில் மறுபடி இறங்குவது. வால்ட்ஸ் மிதப்பதுபோலத் தெரிவதற்கு இதுதான் காரணம். இதே வால்ட்ஸின் வியன்னா வகை நிமிடத்துக்கு 180 பீட் வரை போகும், சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தலை கிறுகிறுக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்று கல்யாண வரவேற்புகளில் ஆடும் இவ்வளவு சாதுவான நடனத்தை 1816-இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகை ஆபாசம் என்று வசைபாடியது, இருவர் அத்தனை நெருங்கி நின்று ஆடுவதா என்று.

ஃபாக்ஸ்ட்ராட் 1914 வாக்கில் அமெரிக்காவில் பரவியது, ஹாரி ஃபாக்ஸ் என்ற மேடைக் கலைஞரின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். மெதுவாக, மெதுவாக, வேகமாக-வேகமாக என்பது அதன் பொதுவான நடை. பார்ப்பதற்குச் சும்மா நடப்பதுபோல இருக்கும். நன்றாக ஆடுவது பயங்கரக் கஷ்டம். குவிக்ஸ்டெப்பை முதல் வருடம் தொடவே வேண்டாம்.

போட்டிகளில் இவற்றை ஸ்டாண்டர்ட் என்று ஒரு பிரிவாக வைத்திருக்கிறார்கள்: வால்ட்ஸ், டாங்கோ, வியன்னா வால்ட்ஸ், ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப். லத்தீன் என்று இன்னொரு ஐந்து: சம்பா, சா சா சா, ரும்பா, பாசோ டோப்லே, ஜைவ். திரையில் பார்க்கும் மினுமினுப்புச் சட்டையும் வெட்டித் திரும்பும் தலையும் போட்டி நடனம். அது ஒரு விளையாட்டு, தினசரி பல மணி நேரப் பயிற்சி. சனிக்கிழமை சாயங்காலம் நான்கு பேரோடு சிரித்துப் பேசி ஆட வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் சோஷியல் நடனம் சொல்லித்தரும் இடமாகப் பாருங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான வகுப்பில் சேர்ந்து வெறுத்துப்போனவர்கள் நிறைய.

நின்ற இடத்தில் ஆடுபவை

சல்சா. எட்டு எண்ணிக்கை, அதில் ஆறு எண்ணிக்கைகளுக்கு அடி வைப்போம், நாலிலும் எட்டிலும் வைக்க மாட்டோம். லீடர் ஒன்றில் இடது காலை முன்னால் வைத்து, இரண்டில் வலது காலை இருந்த இடத்திலேயே மிதித்து, மூன்றில் இடது காலை நடுவுக்குக் கொண்டுவந்து, நாலில் நிறுத்தம். ஐந்தில் வலது கால் பின்னால், ஆறில் இடது கால் இருந்த இடத்தில், ஏழில் வலது கால் நடுவுக்கு, எட்டில் நிறுத்தம். நாலும் எட்டும் சும்மா நிற்பது போலத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில்தான் எடை முழுசாகப் போய் உட்காருகிறது. அதை விழுங்கிவிட்டு ஓடுபவர்கள் ஒரு பாட்டில் பாதித் தூரம் போவதற்குள் தாளத்தை முந்தியிருப்பார்கள்.

சல்சாவில் ஊருக்கு ஒரு பாணி. முன்னால் சொன்னது ஒன்றில் உடைப்பது, அதாவது முன்னாலோ பின்னாலோ போய்த் திசை மாறும் அடி ஒன்றில் விழுவது, இதை லாஸ் ஏஞ்சலிஸ் பாணி என்பார்கள், நேர்க்கோட்டில் போகும், சுழற்சிகள் அதிகம். நியூயார்க் பாணியில் அந்த முன்-பின் உடைப்பு இரண்டில் விழும், எடி டோரஸ் என்ற ஆசிரியர் அதைப் பரப்பியவர். கியூபாவின் காசினோ பாணியில் இருவரும் ஒருவரை ஒருவர் வட்டமிட்டுக்கொண்டே இருப்பார்கள். அதையே பல ஜோடிகள் வட்டமாக நின்று, ஒருவர் அசைவின் பெயரைக் கூவ, எல்லோரும் ஒரே நேரத்தில் செய்து ஜோடி மாற்றிக்கொள்வது ருவேதா. கூச்சம் போக வேண்டும் என்றால் ருவேதாவைப்போல மருந்து இல்லை. எந்தப் பாணியில் சேருவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கு அருகில் அதிகம் பேர் ஆடுவது எதுவோ அதுதான்.

சல்சா இசை புதிதாகக் கேட்பவருக்குக் குழப்பமாக இருக்கும். ஒரே நேரத்தில் ஐந்தாறு தாள வாத்தியங்கள், வேகமும் அதிகம். முதலில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு கௌபெல் என்கிற அந்த மணிச் சத்தத்தைத் தேடுங்கள், அது கிடைத்தால் பீட் கிடைத்தது. அப்புறம் கிளாவே: இரண்டு குச்சிகளைத் தட்டி வாசிக்கும் ஐந்து தட்டுகள், ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. பாட்டில் யாரும் அதை வாசிக்காவிட்டாலும் மொத்த இசையும் அதன்மேல்தான் நிற்கிறது.

பச்சாட்டா டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தது. அதன் முதல் பதிவுகள் 1962-இல் வெளியாயின. அதற்கப்புறம் வெகு காலம் அது ஏழைகளின் இசை, மதுக்கடை இசை என்று சொந்த நாட்டிலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. 2019-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அடி எளிது: பக்கவாட்டில் ஒன்று, சேர்ப்பது இரண்டு, மறுபடி பக்கவாட்டில் மூன்று, நாலில் ஒரு தட்டு. அந்தத் தட்டில் எடை போகக் கூடாது. போனால் அடுத்து தவறான காலில் நிற்பீர்கள். மேலே எடைக் கணக்குப் பற்றி நீட்டி முழக்கியது இதற்குத்தான். ஆரம்பக்காரர்களுக்கு நான் பெரும்பாலும் பச்சாட்டாவைத்தான் சிபாரிசு செய்வேன், இசை பிடித்தால். இரண்டு வகுப்பிலேயே சோஷியலில், அதாவது எல்லோரும் கூடி ஆடும் நடனக் கூடுகையில், தைரியமாக நிற்கலாம். ஆனால் இப்போது பரவியிருக்கும் சென்சுவல் பாணி உடம்பு ஒட்டி, அலை அலையாக அசைவது. அதை அறிமுகமில்லாதவரோடு முதல் பாட்டிலேயே ஆரம்பிக்கக் கூடாது. எவ்வளவு நெருக்கம் என்பதை எப்போதும் தள்ளி நிற்க விரும்புபவர்தான் முடிவு செய்வார்.

மெரெங்கேயும் அதே நாடு, இரண்டு தட்டு நடை. கிசோம்பா அங்கோலாவில் 1980-களில் உருவானது, கிம்புண்டு மொழியில் அந்தச் சொல்லுக்கு விருந்து, கொண்டாட்டம் என்று பொருள். மெதுவான இசை, நெருக்கமான பிடி, பெரும்பகுதி நடைதான், டாங்கோவிலிருந்து வருபவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். சா சா சா 1950-களின் தொடக்கத்தில் கியூபாவில், என்ரிக்கே ஹோரின் என்ற வயலின் கலைஞரின் இசையோடு வந்தது. நிமிடத்துக்கு 120-இலிருந்து 128 பீட், இரண்டு, மூன்று, சா-சா-சா. தரையில் காலணிகள் உரசும் சத்தம்தான் பெயருக்குக் காரணம் என்பார்கள்.

இடுப்பு பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். ரும்பாவிலும் சா சா சாவிலும் தெரிகிற அந்த இடுப்பசைவு இடுப்பால் செய்வது அல்ல. எடை ஒரு காலில் முழுசாக இறங்கி அந்த முழங்கால் நேராகும்போது இடுப்பு தானாக அந்தப் பக்கம் போகிறது, மற்ற முழங்கால் மடங்குகிறது. அவ்வளவே. இடுப்பை மட்டும் தனியாக ஆட்டிக்காட்டுபவரை வரிசையிலேயே கண்டுபிடித்துவிடலாம், பாவம், சாயங்காலம் முதுகு வலிக்கும்.

ஸ்விங், அதாவது என் கட்சி

பாரபட்சம் இருக்கிறது என்று முன்பே சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1920-களின் கடைசியில் கறுப்பின மக்கள் உருவாக்கியது லிண்டி ஹாப் என்ற ஸ்விங் நடனம். அதன் தாய்வீடு 1926-இல் திறந்த சவாய் பால்ரூம், நிறபேதம் கடுமையாக இருந்த காலத்திலும் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடிய இடம், 1958-இல் மூடப்பட்டது. ஃபிராங்கி மேனிங் என்ற நடனக் கலைஞர் 1935-இல் தன் ஜோடியை முதுகுக்கு மேல் உருட்டிக் காற்றில் வீசி இறக்கிய பிறகுதான் அந்த வானத்துச் சாகசங்கள் லிண்டியில் வந்தன. அவர் பல வருடம் தபால் துறையில் வேலை பார்த்துவிட்டு, 1980-களில் மறுபடி கற்றுத்தர வந்து, 2009-இல் இறக்கும்வரை உலகம் முழுக்கச் சுற்றினார். சாகசங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சோஷியல் தளத்தில் அவற்றுக்கு அனுமதியே கிடையாது.

ஆரம்பிக்க வேண்டியது ஆறு எண்ணிக்கை ஸ்விங். ராக் ஸ்டெப், அப்புறம் ஒரு மூன்றடி, மறுபடி ஒரு மூன்றடி. லீடர் இடது காலைப் பின்னால் வைத்து, எடையை வலது காலுக்குத் திருப்பி, இடப்பக்கம் இட-வல-இட என்று மூன்று சின்ன அடி, வலப்பக்கம் வல-இட-வல என்று மூன்று சின்ன அடி. சின்ன அடி என்பதை அழுத்திச் சொல்கிறேன், உங்கள் தோளின் அகலத்தைத் தாண்ட வேண்டாம். முழங்கால் தளர்ந்து, ஒவ்வொரு பீட்டிலும் உடம்பு தரையை நோக்கி ஒரு துடிப்பு துடிக்க வேண்டும். மேலே குதிப்பது இல்லை, கீழே இறங்குவது. இந்தத் துடிப்பு வந்துவிட்டால் அடி தப்பினாலும் ஸ்விங் போலவே இருக்கும், இது இல்லாமல் அடி மட்டும் சரியாக இருந்தால் டிரில் பரேட். பிறகு ஸ்விங்அவுட் என்ற எட்டு எண்ணிக்கை அசைவு, லிண்டியின் உயிர் அதுதான், அது கைக்கு வர எனக்கு எட்டு மாதம் ஆனது.

வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங் கலிஃபோர்னியாவில் வளர்ந்த கிளை, 1988-இல் அந்த மாநிலத்தின் அதிகாரப்பூர்வ நடனமாகவும் ஆனது. ஃபாலோயர் ஒரு நேர்க்கோட்டுப் பாதையில் போய்வருவார், இன்றைய பாப் பாட்டுகளுக்கும் ஆடலாம். பழைய ஜாஸ் பிடிக்காதவர்கள் இங்கே பாருங்கள். ஆனால் இந்த வரிசையில் ஆரம்ப மாதங்கள் அதிகம் படுத்துவது இதுதான். கூட்டம் நெரியும் தளத்துக்கு பல்போவா என்ற ஸ்விங் வகை இருக்கிறது, மார்போடு மார்பு ஒட்டி, கால் மட்டும் வேகமாக.

அர்ஜென்டினா டாங்கோ

பால்ரூம் டாங்கோவும் இதுவும் பெயரில்தான் ஒன்று. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரியோ தெ லா பிளாட்டா நதியின் இரு கரைகளிலும், புவேனஸ் ஐரிஸிலும் மாண்டிவீடியோவிலும், குடியேறிய ஏழைமக்கள் நடுவே வளர்ந்தது. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் அர்ஜென்டினா, உருகுவே என இரு நாடுகளின் பெயரிலும் சேர்ந்தது.

இதில் நிலையான எண்ணிக்கை கிடையாது. ஒவ்வோர் அடியையும் அந்தக் கணத்தில் முடிவு செய்கிறார்கள். அதனால் முதல் சில மாதங்கள் நடக்கத்தான் கற்றுத்தருவார்கள். நடையா, இதற்கா காசு என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. இன்னொருவரை மார்பருகில் வைத்துக்கொண்டு, அவர் பின்னோக்கிப் போக நீங்கள் முன்னோக்கிப் போய், இருவர் பாதமும் ஒரே நொடியில் தரை தொட நடந்து பாருங்கள். நடைக்குப் பிறகு ஓச்சோ, ஸ்பானிய மொழியில் எட்டு, ஃபாலோயரின் பாதம் தரையில் 8 வரைகிறது. கேட்பதற்கு டி சார்லியின் இசைக்குழுவில் ஆரம்பியுங்கள், தாளம் நிதானமாக நடக்கும். துள்ளல் வேண்டுமானால் தாரியென்சோ, அவருக்குத் தாளத்தின் ராஜா என்றே பட்டப்பெயர்.

டாங்கோ கூடுகைக்கு மிலோங்கா என்று பெயர், அதற்குத் தனி நடைமுறை உண்டு. மூன்று நான்கு பாட்டு சேர்ந்தது ஒரு தாண்டா. ஒருவரோடு ஆட ஆரம்பித்தால் அந்தத் தாண்டா முடியும்வரை ஆடுவது மரியாதை. அடுத்ததற்கு முன் கோர்த்தினா என்ற துண்டு இசை வரும், தளம் காலியாகும். ஆட அழைப்பது கண்ணால்: தூரத்திலிருந்து பார்ப்பார், நீங்களும் பார்த்துத் தலையசைத்தால் சம்மதம், பார்வையைத் திருப்பிக்கொண்டால் இல்லை, யாருக்கும் சங்கடம் இல்லை. நான் அடிபட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று: தாண்டா நடுவில் ‘நன்றி’ சொல்லாதீர்கள். முதல் பாட்டு முடிந்ததும் மரியாதையாக நன்றி சொன்னேன், அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கே நன்றி என்றால் போதும், விட்டுவிடலாம் என்று அர்த்தமாம்.

வகுப்புக்குப் போகும்போது

ஜோடி இல்லையே என்று தயங்க வேண்டாம். பெரும்பாலான வகுப்புகளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஜோடி மாற்றுவார்கள். வீட்டுக்காரரோடோ காதலியோடோ போனாலும் மாற்றிக்கொள்வது நல்லது. ஒருவரோடு மட்டும் ஆடினால் அவர் தவறுக்கு நீங்களும் உங்கள் தவறுக்கு அவரும் பழகிப்போய், இருவருக்குமே தவறு தெரியாது. மாற்றிக்கொண்டால் வீடு திரும்பும் வழியில் சண்டையும் மிச்சம்.

காலணிதான் முதல் செலவு, ஆனால் முதல் மாதம் வேண்டாம். பிடிப்பு அதிகமான ரப்பர் அடிப்பாகம் உள்ள ஓட்டக் காலணி மட்டும் கூடாது. பாதம் தரையில் ஒட்டிக்கொள்ள, உடம்பு சுற்ற, திருகல் முழுக்க முட்டியில் வந்து விழும். வழுவழுப்பான தோல் அடிப்பாகம் போதும். பிடித்துப்போனால் மெல்லிய ஸ்வேட் அடிப்பாகம் வைத்த நடனக் காலணி வாங்குங்கள், அதைத் தெருவில் போட்டு நடந்தால் போச்சு. குதிகாலணி போடுபவர்கள் குட்டையானதில் ஆரம்பிக்கவும், பின்பக்கம் கழன்று வரும் செருப்பு எந்த நடனத்துக்கும் ஆகாது.

வியர்க்கும். மாற்றுச் சட்டை, சின்னத் துண்டு, வாய்க்கு ஒரு புதினா மிட்டாய். பெரிய மோதிரம், தொங்கும் வளையம், கூர்மையான வாட்ச் எல்லாம் பையில் இருக்கட்டும். வாசனைத் திரவியத்தைக் குளிப்பதுபோல் ஊற்றிக்கொண்டு வருபவரை வியர்வையே தேவலை என்று நினைக்க வைத்துவிடாதீர்கள்.

பயிற்சி தினம் பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும். மூன்று நிமிடம் எடை மாற்றம், மூன்று நிமிடம் அடிப்படை அடி, ஒரு பாட்டு முழுக்க வாய்விட்டு எண்ணிக்கொண்டு நடை. எண்ணாமல் முப்பது அசைவுகளை வீடியோவில் பார்த்து மனப்பாடம் செய்பவர் தளத்துக்கு வந்ததும் மூன்றாவதிலேயே மறந்து நிற்பார். வகுப்பு முடிந்ததும் அன்றைய அசைவை நீங்களே ஆடிக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆசிரியரிடம் கேட்டுவிட்டு. வீட்டுக்குப் போனால் பாதிதான் ஞாபகம் இருக்கும்.

ஐந்தாறு வகுப்பு முடிந்ததும் சோஷியலுக்குப் போய்விட வேண்டும். தயாரான பிறகு போகலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. மெதுவான பாட்டு வரும்வரை ஓரமாக நின்று பாருங்கள். போய், “நான் புதியவன், ஒரு பாட்டு ஆடலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துவிடுங்கள், காரணம் கேட்கக் கூடாது, அவருக்குக் கால் வலிக்கலாம். யாராவது உங்களைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கும் அதே உரிமை. தளத்தில் ஜோடியைத் திருத்தாதீர்கள், அவர் கேட்டால் தவிர. முன்பின் தெரியாதவரைப் பின்னால் சாய்த்துத் தாங்கும் அசைவு அறவே வேண்டாம், அவர் முதுகில் என்ன பிரச்சினையோ. இடித்துவிட்டால் யார் மேல் தவறென்றாலும் இருவருமே மன்னிப்புக் கேட்டுவிடுவது வழக்கம். அடி தப்பினால் நின்று, இருவரும் ஒருமுறை எடையை இடம் வலம் மாற்றி, அடுத்த ‘ஒன்று’க்குக் காத்திருந்து மறுபடி ஆரம்பியுங்கள். பாட்டு முடிந்ததும் ஜோடியைத் தளத்தின் நடுவில் விட்டுவிட்டு ஓடாமல் ஓரம்வரை கூட வந்து நன்றி சொல்லுங்கள். அங்கே சொன்னால் தப்பில்லை.